சோனார் சத்தமும் கடல் உயிர்களும்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பைத் துறைமுகப் பக்கம் கடலடி ஆழத்தை அளக்கும் சர்வே படகில் எனக்கு வேலை. அதாவது தினமும் சோனார் போடுகிற ஆள். ஜூஹுவிலோ அலிபாக் பக்கமோ ஒரு திமிங்கலம் ஒதுங்கிவிட்டால் போதும், தாராவி, செம்பூர், ஆன்டாப் ஹில் சொந்தபந்தம் முழுக்க எனக்குப் போன் போட்டு "உங்க மெஷின்தான் கொன்னுச்சாமே?" என்று கேட்கும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சோனார் என்றால் என்ன? ரேடார் மாதிரியா?

வேலை ஒன்றுதான், ஆள் வேறு. ரேடியோ அலையைக் கடல்நீர் உடனே விழுங்கிவிடும். வெளிச்சமும் அதிக தூரம் போகாது. மும்பைத் துறைமுகத்துச் சேற்றுத் தண்ணீரில் முங்கினால் நீட்டிய கை தெரியாது. ஒலி மட்டும் கடலில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் அதன் வேகம் 340 மீட்டர்தான். ஒரு 'பிங்' அனுப்பி, எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு இந்த ஆராய்ச்சி சூடுபிடித்தது. 1914இல் ரெஜினால்ட் ஃபெஸண்டன் என்ற கண்டுபிடிப்பாளர் ஒரு பனிப்பாறையிலிருந்து எதிரொலி வாங்கிக் காட்டினார். அப்புறம் முதல் உலகப்போர், நீர்மூழ்கிப் பயம், பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சவெனின் குவார்ட்ஸ் கருவி என்று கதை போகிறது.

சத்தமே போடாமல் காது கொடுத்துக் கேட்கும் சோனாரும் உண்டு. நீர்மூழ்கிக் கப்பல்கள் பெரும்பாலும் அதைத்தான் நம்புகின்றன; சத்தம் போட்டால் தாங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடுமே. அந்த வகையால் எந்த உயிருக்கும் தொந்தரவு இல்லை.

எல்லா சோனாரும் ஒரே அளவு ஆபத்தா?

கிடையாது. இந்த ஒரு பதில் புரிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் தேவைப்படாது.

மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: அதிர்வெண் (ஒலி எவ்வளவு கீச்சு, எவ்வளவு கட்டை என்பது), சக்தி, எந்தத் திசையில் அடிக்கிறது. துறைமுகத்தில் நாங்கள் பயன்படுத்தும் மல்டிபீம் கருவிகள் (ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளை அனுப்பிக் கடலடியை அளப்பவை) பெரும்பாலும் 200 முதல் 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும். மனிதக் காதுக்குக் கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 50 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவு தண்ணீரிலேயே கரைந்துபோகும். போதாததற்கு அது கீழ்நோக்கித்தான் அடிக்கிறது. கொஞ்ச தூரம் தள்ளி நிற்கும் ஓங்கிலுக்கு (டால்ஃபினுக்கு) அது இருப்பதே தெரியாது.

நீர்மூழ்கிகளைத் தேடும் போர்க்கப்பல் சோனார் இதற்கு நேர் எதிர். 1 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான நடுத்தர அதிர்வெண், கிலோமீட்டருக்கு அதிகபட்சம் ஒரு டெசிபெல் வாக்கில்தான் கரையும், பக்கவாட்டில் விரிந்து போகும், சக்தியும் மிக அதிகம். அமெரிக்கக் கடற்படையின் 53சி என்ற சோனார் 3.5 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒலிக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் அதன் அளவு 235 டெசிபெல். நீர்மூழ்கிகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியே பிடிக்க 100 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அதிர்வெண் சோனாரும் வைத்திருக்கிறார்கள்.

செய்தியில் "சோனார்" என்று மொட்டையாகப் போட்டால் நம்பாதீர்கள். எந்த சோனார் என்று கேளுங்கள்.

235 டெசிபெல்லா! ராக்கெட் கிளம்பும் சத்தத்தைவிட அதிகமாச்சே?

இந்த ஒப்பீடு வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரில் டெசிபெல்லை அளக்கும் அடிப்படை அளவு வேறு, காற்றில் வேறு. தண்ணீரின் அடர்த்தியையும் ஒலி வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், நீர்க் கணக்கிலிருந்து சுமார் 62 கழித்தால்தான் காற்றுக் கணக்கோடு ஒப்பிட முடியும். அப்போதும் 173 வருகிறது. சாதாரண சத்தம் இல்லை, ஆனால் படிக்கும்போது பயமுறுத்தும் அளவும் இல்லை.

அதோடு, இது கருவியிலிருந்து ஒரு மீட்டரில் உள்ள கணக்கு. ஒலி எல்லாப் பக்கமும் சமமாக விரிந்தால் ஒரு கிலோமீட்டரில் 60 டெசிபெல் குறைந்து 175 ஆகிவிடும். அதனால் காதை நிரந்தரமாகக் கெடுக்கும் அளவு கப்பலைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் ஒரு விலங்கைப் பயமுறுத்த அவ்வளவு சத்தம் தேவையில்லை. அந்தப் பயம் பல கிலோமீட்டர் வரை எட்டும்.

அப்படியானால் திமிங்கலங்கள் காது கிழிந்து சாகவில்லையா?

சாவு நடந்திருக்கிறது. நடக்கும் விதம்தான் பலர் நினைப்பதுபோல் இல்லை.

1996 மே மாதம் கிரேக்கத்தின் கிபரிஸியா வளைகுடாவில் நேட்டோ ஒரு சோனாரைச் சோதித்தபோது, பன்னிரண்டு குவியர் அலகுத் திமிங்கலங்கள் (பறவை அலகு மாதிரி வாய் நீண்ட, ஆழ்கடலில் வாழும் இனம்) நீண்ட கரையெங்கும் ஆங்காங்கே ஒதுங்கின. இந்த இனம் கும்பலாகக் கரை ஒதுங்குவது அபூர்வம். 2000 மார்ச்சில் பஹாமாஸில் பதினேழு விலங்குகள். பெரும்பாலானவை அலகுத் திமிங்கலங்கள். முதலில் மறுத்த அமெரிக்கக் கடற்படை, 2001 இறுதியில் அரசின் கடல்வளத் துறையோடு சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், தன் கப்பல்களின் சோனாரே மிகச் சாத்தியமான காரணம் என்று ஒப்புக்கொண்டது. 2002 செப்டம்பரில் கேனரி தீவுகளில் பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சி தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கத் தொடங்கின, மொத்தம் பதினான்கு.

கேனரி உடல்கள் புதிதாகக் கிடைத்ததால் அறுத்துப் பார்க்க முடிந்தது. ரத்தக் குழாய்களிலும் உறுப்புகளிலும் வாயுக் குமிழிகள். ஆழத்திலிருந்து சரசரவென்று மேலே வரும் முக்குளிப்பவர்களுக்கு வருமே, அந்த நைட்ரஜன் குமிழி நோய். அதே மாதிரி அறிகுறி.

இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் இது: சத்தம் நேராக உடலைக் கிழிப்பதில்லை. விலங்கு பயந்து, வழக்கமான முக்குளிப்பு ஒழுங்கைக் கைவிட்டு ஓடுகிறது. ஓட்டத்தில் குமிழி உண்டாகிறது, திசை தப்புகிறது, கரையில் ஏறிவிடுகிறது. கொலைகாரன் ஒலிதான், ஆயுதம் அந்த விலங்கின் சொந்தப் பயம்.

ஏன் அலகுத் திமிங்கலத்துக்கு மட்டும் இவ்வளவு பயம்?

அது வாழும் விதம் அப்படி. குவியர் அலகுத் திமிங்கலம் 2,992 மீட்டர் ஆழம் வரை போனது பதிவாகியிருக்கிறது. இன்னொன்று 222 நிமிடம் மூச்சுவிட மேலே வராமலே இருந்தது. பாலூட்டிகளில் இதை மிஞ்ச ஆள் இல்லை. நைட்ரஜன் கணக்கைக் கத்திமேல் நடக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளும் உடம்பு அது.

இதற்குக் கொலைத் திமிங்கலம் (ஓர்கா)தான் எமன். அது பக்கத்தில் இருக்கிறது என்றால் அலகுத் திமிங்கலம் சண்டைக்குப் போகாது. வாயை மூடிக்கொண்டு நழுவிவிடும். சோனார் கேட்டாலும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறது. பஹாமாஸ் அருகே அமெரிக்கக் கடற்படையின் சோதனைக் களத்தில் கடலடி மைக்குகளை வைத்துக் கேட்டபோது, பயிற்சி தொடங்கியதும் பிளேன்வில் அலகுத் திமிங்கலங்களின் இரை தேடும் 'கிளிக்' ஒலி நின்றது. அவை களத்தை விட்டே விலகின. பயிற்சி முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் திரும்பின.

எனக்கு மிகச் சுவாரசியமாகப் பட்ட ஆய்வு கலிஃபோர்னியாவில் நடந்தது. முதுகில் கருவி ஒட்டிய இரண்டு குவியர் திமிங்கலங்களுக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் போலி சோனார் ஒலி போட்டார்கள். அவற்றை எட்டிய அளவு 89 முதல் 127 டெசிபெல் வரைதான், அதாவது ரொம்பக் குறைவு. இருந்தும் இரை தேடுவதை விட்டு ஓடின. அதில் ஒன்று, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நடந்த நிஜக் கடற்படைப் பயிற்சியின் ஒலியை ஏறக்குறைய அதே அளவில் கேட்டபோது அசையவே இல்லை. சத்தத்தின் அளவு மட்டும் கணக்கில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. எவ்வளவு கிட்டத்திலிருந்து வருகிறது என்பதையும் அது எடைபோடுகிறது.

மற்ற திமிங்கலங்கள், ஓங்கில்கள்?

பெரும்பாலும் சாவதில்லை, ஆனால் பிழைப்பு கெடுகிறது. கலிஃபோர்னியாக் கடலில் ஆழத்தில் இரை தின்றுகொண்டிருந்த நீலத் திமிங்கலங்கள் போலி சோனாரைக் கேட்டதும் தின்பதை நிறுத்தின. அதில் ஒன்று அந்த நேரத்தில் ஒரு டன் அளவு கிரிலை (இறால் மாதிரிச் சின்ன உயிரி, அதன் இரை) இழந்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். மேற்பரப்பில் மேய்ந்தவை கண்டுகொள்ளவே இல்லை. கூன்முதுகுத் திமிங்கலங்கள் தாழ் அதிர்வெண் சோனார் ஒலித்தபோது பாட்டைச் சராசரியாக 29 சதவீதம் நீட்டிப் பாடின. சந்தைக்குள் நின்று பேசும்போது நாமும் சொன்னதையே திரும்பச் சொல்வோமே, அது மாதிரிதான்.

எங்கள் தொழிலுக்கு உறுத்தலான ஒரு சம்பவமும் உண்டு. 2008இல் மடகாஸ்கரின் வடமேற்கில் நூறு அளவில் முலாம்பழத்தலைத் திமிங்கலங்கள் உப்பங்கழிக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டன. அங்கே கடற்படை இல்லை. எண்ணெய் தேடும் வேலைக்காகக் கடலடியை வரைந்துகொண்டிருந்த ஒரு கப்பலின் 12 கிலோஹெர்ட்ஸ் மல்டிபீம் கருவியே தொடக்கக் காரணமாக இருந்திருக்கும் என்று தனிக் குழு ஒன்று 2013இல் சொன்னது. ஆழ்கடலுக்கான கருவி என்பதால் அதன் ஒலி 20, 30 கிலோமீட்டர் வரை எட்டியது. துறைமுகக் கருவியை வைத்து "மல்டிபீம் சாது" என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல முடியாது.

மும்பைக் கரையில் ஒதுங்கும் திமிங்கலங்களுக்கும் இதுதான் காரணமா?

எனக்குத் தெரிந்தவரை அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. 2015 ஜூனில் அலிபாக் பக்கம் ரேவ்தண்டாவில் 42 அடி நீலத் திமிங்கலம் உயிரோடு ஒதுங்கிச் செத்தது. 2016 ஜனவரியில் ஜூஹுவில் பிரைட்ஸ் திமிங்கலம் ஒன்று செத்தே வந்தது. இரண்டுமே தனியாக வந்தவை, அலகுத் திமிங்கலம் அல்ல. சோனார் விபத்துக்கு இருக்கும் முத்திரை வேறு: பயிற்சி நடந்த நாளிலேயே, ஆழ்கடல் இனங்கள், ஒரே நேரத்தில் பல இடங்களில்.

அலகுத் திமிங்கலத்துக்கு ஆயிரம் மீட்டர் ஆழமாவது வேண்டும். மும்பைக்கு வெளியே கடலடி ஒரேயடியாக இறங்குவதில்லை; கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் அகலம். நம் கரையில் குடியிருப்பவை கூன்முதுகு ஓங்கிலும் துடுப்பில்லாக் கடற்பன்றியும். இவற்றுக்கு எமன் பெரும்பாலும் வலை. பெரிய திமிங்கலம் என்றால் கப்பல் மோதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தென்மேற்குக் காற்று, வெளிக்கடலில் செத்த உடல்களையும் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். அப்போது அழுகிய உடலின் காதை ஆராய்ந்து ஒன்றும் சொல்ல முடியாது.

2016இல் மணப்பாட்டில் நூறு திமிங்கலம் ஒதுங்கியதே?

தாராவியில் பாதிப் பேருக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிதான் சொந்த ஊர். அதனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2016 ஜனவரியில் மணப்பாடு, ஆலந்தலை, கல்லாமொழிக் கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் இழுத்துப் போய்க் கடலில் விட்டும் பல திரும்பி வந்தன. அப்போதே "சோனார்தான்" என்று பேச்சு கிளம்பியது.

அவசரப்படும் முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1973 ஜனவரியில் அதே கடலோரத்தில் அதே இனத்தில் 147 ஒதுங்கின. அதே இடம், அதே மாதம். பைலட் திமிங்கலம் கூட்டத்தை விட்டுப் பிரியவே பிரியாது. ஒன்று நோயாலோ வழி தவறியோ ஆழமில்லாத, மெல்லச் சரியும் மணற்கரைக்கு வந்தால் மொத்தக் கூட்டமும் கூடவே வரும். சோனார் கண்டுபிடிப்பதற்கு முன்பே உலகம் முழுக்க இவை இப்படி ஒதுங்கியிருக்கின்றன.

என் மச்சான் விசைப்படகில் எக்கோ சவுண்டர் (ஆழமும் மீனும் காட்டும் சின்ன சோனார்) வைத்திருக்கிறார். மீன் ஓடிவிடாதா?

ஓடாது. அவை வழக்கமாக 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலான மீன்களுக்கு ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காதே கேட்காது. நார்வேயில் ஹெர்ரிங் கூட்டங்கள் மேல் போர்க்கப்பல் சோனாரையே ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள், கூட்டம் அசையவில்லை. விதிவிலக்கு, நம் உல்லத்துக்குத் தூரத்து உறவான அமெரிக்க ஷாட். ஓங்கிலின் கிளிக் ஒலியிலிருந்து தப்பிக்கவோ என்னவோ, அதற்கு மீஒலி (மனிதக் காதுக்கு எட்டாத கீச்சு ஒலி) கேட்கும்.

மச்சான் படகில் மீனை விரட்டுவது எக்கோ அல்ல, இன்ஜின். 50 கிலோஹெர்ட்ஸ் ஓங்கிலுக்கு நன்றாகக் கேட்கும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். பக்கத்தில் ஓங்கில் கூட்டம் வந்தால் 200க்கு மாற்றிக்கொண்டால் ஒரு நஷ்டமும் இல்லை. ஓங்கில் 150 கிலோஹெர்ட்ஸ் வாக்கிலேயே காது ஓயும் ஜாதி.

ஆமை, கணவாய்?

ஆமைக்கு ஒரு கிலோஹெர்ட்ஸ், கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் கேட்கும். கணவாயும் தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் உணரும். இவற்றுக்கு சோனாரைவிட, எண்ணெய் தேடும் கப்பல்கள் வெடிக்கவிடும் காற்றுத் துப்பாக்கிதான் (அழுத்தக் காற்றைத் திடீரெனத் திறந்து பெரும் சத்தம் எழுப்பும் கருவி) கவலை.

சோனாரைத் தடை செய்துவிடலாமே?

சத்தம் போடாத நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க எந்தக் கடற்படைக்கும் இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை. மேற்குக் கடற்படைத் தலைமையகம் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை மறுக்க முடியாது. கொச்சியிலுள்ள டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகம் ஹம்சா வரிசை சோனார்களை இதற்காகவே செய்தது.

ஆனால் எங்கே, எப்போது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்பெயின் 2004இல் கேனரி தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் கடற்படை சோனாரை நிறுத்தியது. அதன்பின் அங்கே பழைய மாதிரி அலகுத் திமிங்கலக் கும்பல் ஒதுங்கல் நடக்கவில்லை. அமெரிக்காவில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008இல் கடற்படைப் பக்கம் தீர்ப்பு வந்தது. பிறகு 2015இல் ஹவாய், தெற்கு கலிஃபோர்னியாவில் சில பகுதிகளை விட்டுவிடக் கடற்படையே ஒப்புக்கொண்டது.

சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுவது, மேல்தளத்தில் ஆள் நிறுத்திப் பார்ப்பது என்றும் வழிகள் சொல்வார்கள். மேல்தளத்து ஆளை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒரு மணி நேரம் ஆழத்தில் இருந்துவிட்டுச் சில நிமிடம் மட்டும் தலைகாட்டும் விலங்கை, அலையடிக்கும் கடலில், அதுவும் ராத்திரியில் யார் பார்ப்பது? இடத்தைத் தவிர்ப்பதுதான் உருப்படியான வழி. நம் நாட்டில் திமிங்கலம், ஓங்கில் எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அரபிக்கடலில் எந்த இனம் எங்கே கூடுகிறது என்ற வரைபடம்தான் முதல் தேவை. ஓமன் அருகே கருவி பொருத்திய லுபான் என்ற பெண் கூன்முதுகுத் திமிங்கலம் 2017 இறுதியில் கடலைக் குறுக்கே கடந்து நம் தென்முனை வரை வந்தபோதுதான், ஓமன் கூட்டத்துக்கும் இந்தியக் கரைக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. ஓமன் பக்கம் அந்தக் கூட்டத்தில் மொத்தமே நூறுகூட இல்லை.

மும்பைக் கடலில் சோனாரைவிடப் பெரிய சத்தம் எது?

கப்பல். ஜேஎன்பிஏவுக்கும் (நவி மும்பைப் பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகம்) மும்பைத் துறைமுகத்துக்கும் ராத்திரி பகல் பார்க்காமல் வந்து போகும் கப்பல்களின் தாழ்ந்த உறுமல் ஓய்வதே இல்லை. மும்பை ஹை பக்கம் எண்ணெய்க் கிணறுகள், நில அதிர்வு சர்வேக்கள், அப்புறம் கடற்பாலத்துக்கும் ஜெட்டிக்கும் தூண் இறக்கும் சத்தம். போர்க்கப்பல் சோனார் எப்போதோ வரும் இடி. கப்பல் சத்தமோ மாத வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது.

கப்பல் சத்தம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்பாராத ஒரு சோதனை நடந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்து சத்தம் 6 டெசிபெல் இறங்கியது. அந்த நாட்களில் அங்கே சேகரித்த ரைட் திமிங்கலச் சாணத்தில் மன அழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. வேகத்தைக் குறைத்தாலே கப்பல் சத்தம் குறையும்; மோதலும் குறையும்.

கடலில் நீந்துகிறவருக்கு சோனாரால் ஆபத்தா?

துறைமுக சர்வே கருவி உங்களுக்குக் கேட்கக்கூடச் செய்யாது. போர்க்கப்பல் சோனார் கேட்கும், பக்கத்தில் இருந்தால் தலை சுற்றும். ஆனால் ஒலிக்கும் போர்க்கப்பலுக்குப் பக்கத்தில் நீந்த யாரும் உங்களை விடமாட்டார்கள்.

கரையில் திமிங்கலமோ ஓங்கிலோ கிடந்தால் என்ன செய்வது?

முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மகாராஷ்டிராவில் அவர்களின் மேங்க்ரோவ் பிரிவுதான் இதைப் பார்க்கிறது. எண் கையில் இல்லாவிட்டால் போலீஸுக்குச் சொன்னால் அங்கிருந்து போகும். உயிரோடு இருந்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்; முதுகெலும்பு போய்விடும். கூட்டத்தை விலக்கி, உடம்பில் ஈரத்துணி போட்டு, தலைமேல் இருக்கும் மூச்சுத்துளைக்குள் தண்ணீரும் மணலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செத்திருந்தால் தொடாதீர்கள், செல்ஃபிக்காக மேலே ஏறவே ஏறாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து உடல் வெடிக்கும், தொற்றும் வரும்.

முதலில் பார்த்த நேரத்தைக் குறித்து, தலை, வயிறு, வால் தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்து வையுங்கள். காதைச் சோதிக்க வேண்டுமென்றால் செத்துச் சில மணி நேரத்துக்குள் மாதிரி எடுக்க வேண்டும். ஜேசிபி வந்து குழி தோண்டிப் புதைத்த பிறகு என்னைக் கூப்பிட்டு "சோனார்தானே?" என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது.